அப்பா கழற்றிய கூண்டு

என் மகன் குடியிருக்கும் அமெரிக்க ஊரில், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு தலைவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வெண்கலச் சிலைதான். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு, ஒரு கையைப் பெஞ்சின் முதுகில் நீட்டிப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருப்பார். கறுப்பின மக்களுக்காக ஊர் ஊராக நடந்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் உரிமை வாங்கிக் கொடுத்தவராம். நான் போன புதிதில் ஒருநாள் காலை, ஓடிக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்றி அவர் கையில் தொங்கவிட்டாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலை மடக்கி நீவிவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தேன். போலீஸ் வேன் இல்லை. எவனும் ஓடிவரவில்லை. பொழுது சாய்வதற்குள் கடையடைப்பு, பஸ் மறியல் என்று ஆகிவிடுமே, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு எப்படி வருவாள் என்று என் புத்தி அதன் பாட்டுக்கு ஓடியது. கிட்டே போய் ஸ்வெட்டரைக் காட்டி, "எடுத்துரு தாயி, யாராச்சும் பாத்தா வம்பாயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலையும் ரப்பர் செருப்புமாக ஒரு கிழவி குளிரில் கெஞ்சுகிறாள் என்று நினைத்திருப்பாள் போல. ஸ்வெட்டரை எடுத்து என் தோளில் போர்த்தி, முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப் போனாள். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்கிறாள். நல்ல கம்பளி. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அதுதான்.

நான் திருவரங்குளத்துக்கு அங்கிட்டு, பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும் ஒரு ஊர்க்காரி. பாதி வருஷம் மகன் வீடு, பாதி வருஷம் என் வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். நான் போனில் பேசி அனுப்புவதை மருமகள் கலா அங்கே உட்கார்ந்து புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். நன்றாக இருக்கும் இடமெல்லாம் என்னுடையது. மற்றதற்கு அவளைக் கேளுங்கள்.

ஸ்வெட்டருக்கு ஏன் பயந்தேன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரிலும் ஒரு தலைவர் நிற்கிறார். நீலக் கோட்டு, கண்ணாடி, ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை விரலை முன்னால் நீட்டியிருப்பார். சட்டம் எழுதினவர். பேரை நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாமலும் இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்த்த எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. காலனிப் பாதை மெயின் ரோட்டில் சேரும் முக்கில் பீடம் கட்டியது என் வீட்டுக்காரர். அவர் கொத்தனார். திறந்து வைத்த மறுவாரமே பெரிய தெருவிலிருந்து ஆள் வந்தது. விரல் தங்கள் பக்கம் நீளுகிறது, திருப்பி வையுங்கள் என்றார்கள். வடக்கே திருப்பினால் கோயில், அதுவும் ஆகாது. தெற்கே சுடுகாடு, அது எங்களுக்கு ஆகாது. மிச்சம் இருப்பது எங்கள் தெருதான். எங்களுக்காகப் பாடுபட்டவரை எங்களைப் பார்த்தே விரலை நீட்டி மிரட்டச் சொல்கிறார்கள் என்று நான் குழாயடியில் சொல்லிச் சிரித்தேன். அந்த வாரம் ஒரு விடியற்காலை விரல் கீழே கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைத் துண்டில் பொறுக்கி எடுத்துவந்து, சிமெண்டு குழைத்து ஒட்டவைத்தார். தாலுகா ஆபீசில் கூட்டம் போட்டு டீ கொடுத்தார்கள். உடைத்தவனைப் பிடியுங்கள் என்று கேட்டோம். உடைபட்டவரைப் பிடித்துக் கூண்டில் போட்டார்கள். சாவி வி.ஏ.ஓ. கையில். வருஷத்துக்கு இரண்டு நாள், பிறந்த நாளைக்கும் இறந்த நாளைக்கும் திறந்து, மாலை போட்டதும் பூட்டிவிடுவார்கள். மற்ற நாளில் பூப்போட வேண்டுமென்றால் கம்பிக்கு மேலே எறிய வேண்டும். பாதி உள்ளே விழும், பாதி கம்பியில் தொங்கும். என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. அவர் எறிந்தால் குறி தப்பாது.

போன கோடையில் பேத்தி யாழினி வந்திருந்தபோது, "கோட்டுத் தாத்தா ஏன் ஜெயில்ல இருக்காரு?" என்று கேட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் எந்தக் கதையைச் சொல்வது. "அவருக்கு இங்கிட்டு ரொம்ப கிராக்கி. விட்டா ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிருவாக. அதான் பூட்டி வச்சிருக்கோம்" என்றேன். அவள் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, மனதிலும் வைத்துக்கொண்டாள்.

இனி வித்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மகன் தெருவில், முக்கு வீட்டுக்காரி. நம் தமிழ்நாடுதான், நல்ல பெண்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அவள் மகள் அனன்யாவும் யாழினியும் ஒரே வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் காரில் கூட்டிப் போவாள். அவள் வீட்டுக்காரர் என் மகன் சரவணனுக்கு ஆபீசில் மேலதிகாரி. சரவணன் அந்த நாட்டில் தங்குவதும் மூட்டை கட்டுவதும் அந்த மனுஷன் எழுதிக் கொடுக்கிற நாலு வரியில் இருக்கிறது என்று கலா சொல்லியிருந்தாள். ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, உங்க ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்றாள். "பஸ்ஸ விட்டு எறங்குனா சோத்தாங்கைப் பக்கம்" என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் விடவில்லை. குலதெய்வம் எது, எந்தக் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, சரவணனுக்குப் பெண் எடுத்தது சொந்தத்திலா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கள் குலதெய்வமும் கூட வரணும்னுதான் நின்றது, விசா கிடைக்கவில்லை என்றேன். எதிரே சரவணன் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. அந்த ஊரில் அவன் வீட்டில் எல்லாச் சாமிப் படமும் இருக்கிறது, நீலக் கோட்டுக்காரர் படம் மட்டும் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. நான் போன அன்றைக்கே பார்த்துவிட்டேன். கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். பெஞ்சில் இருக்கும் தலைவர் மாதிரியே ஒருவரின் கதை. அவருக்கென்று அந்த நாட்டில் லீவு நாள் உண்டு. தாள் வழவழவென்று, பூரி வாங்கித் தின்றுவிட்டுத் தொட்டால் அடி விழும் மாதிரி இருந்தது. எழுத்து எனக்கு வேண்டியதில்லை, படத்தைப் பார்த்தே நான் கதை சொல்வேன், தப்பாகச் சொன்னால் அவள் திருத்துவாள். அந்தக் கதையில் ஒரு ஊரே சேர்ந்து தலைவரின் சிலையைக் குளிப்பாட்டுகிறது. ஒரு பிள்ளை வாளியில் தண்ணீர் சுமக்கிறது, ஒரு பிள்ளை சோப்பு நுரையை ஊதுகிறது, குட்டிப் பெண் ஒருத்தி ஏணியில் ஏறி அவர் காதுக்குப் பின்னால் தேய்க்கிறாள். கீழே நிற்கும் பாட்டி ஒருத்தி அந்தக் காலத்தில் அவரோடு நடந்தவளாம். நடந்த கதை இரண்டு பக்கம் வருகிறது. ஒரு பக்கத்தில் போலீஸ் நாயை ஏவுகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். நாய்க்கும் கேக்குக்கும் நடுவில் எத்தனை வருஷமோ, எத்தனை சாவோ, தாளைப் புரட்டுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. எங்கள் கதையை இப்படிப் படம் போட்டால் நாய்ப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு புரளாது என்று கலாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "சும்மா இருங்க அத்தை, புள்ள கேக்குது" என்றாள்.

டீச்சர் ஒரு வேலையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். உங்கள் குடும்பம் வந்த ஊரில் ஒரு தலைவரை எப்படிக் கௌரவிக்கிறார்கள், வரைந்து வாருங்கள். நல்ல படங்களைச் சுவரில் மாட்டி, பெற்றோரை மாலையில் வரவழைத்துக் காட்டுவார்களாம். யாழினி சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து படுத்து வரைந்தாள். நடுவில் நீலக் கோட்டு. சுற்றிலும் கறுப்புக் கம்பி, மெழுகுப் பென்சில் ஒடிகிற அளவுக்கு அழுத்தி. தலையை விடப் பெரிய பூட்டு. வெளியே இரட்டைச் சடையோடு அவள், பக்கத்தில் சேலை கட்டிய நான். "என் பல்ல மட்டும் ஏன்டி அம்புட்டுப் பெருசா வரைஞ்ச?" என்றேன். "நீ சிரிக்கிறல்ல" என்றாள்.

சரவணன் வேலை விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் அந்தப் படத்தைப் பார்த்தான். முதலில் கொஞ்சினான். கைத்தடி வைத்த தாத்தாவை வரையலாமே கண்ணு, அவரைத்தான் எல்லோருக்கும் தெரியும் என்றான். அவர் நம்ம ஊர்ல இல்லையே என்றாள். பிறகு கூண்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். பிறகு கோட்டுக்கு வேறு கலர் அடிக்கச் சொன்னான். கடைசியில் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாளில் அவள் கையைப் பிடித்து வரைந்தான். கூண்டு போனது. நீலம் போய்ப் பழுப்பு வந்தது. நீட்டிய விரல் மடங்கியது. கையிலிருந்த புத்தகம் பூங்கொத்து ஆனது. கீழே புல், மேலே சூரியன். சோறு வடிக்கிற நேரத்துக்குள் எங்கள் தலைவர் ரிட்டையரான பேங்க் மேனேஜர் ஆகிவிட்டார். அப்பா கலரடித்தால் கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாக இருக்கிறது என்று யாழினிக்குச் சந்தோஷம்.

பிள்ளை தூங்கப் போனதும் நான் கேட்டேன். "ஏன்டா, அது ஒங்கப்பன் ஒட்டவச்ச வெரலுடா. அதயும் மடக்கிப்புட்டியே." அவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான். "ஆத்தா, ஒனக்குத் தெரியாது. இங்கிட்டு எவனும் வெரல ஒடைக்க மாட்டான். சிரிச்சுக்கிட்டே பேச்சக் கொறச்சுக்குவாக. அதுக்கு எங்க போயி கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்?" அவன் கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தேன். சின்ன வயசில் இவன் ஊரில் இருந்து திருவரங்குளம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்தவன். பெரிய தெரு வழியாகப் போகும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். இறங்காதே என்று அவன் அப்பா திட்டுவார். இறங்கினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பான் இவன். போய்ச் சேர்ந்தும்விட்டான், அமெரிக்கா வரைக்கும். இன்னும் இறங்கித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் படம் காட்டும் நாள் மாலை எல்லோரும் போனோம். சுவர் நிறையப் படம். அனன்யா கோயில் கட்டின ராஜாவை வரைந்திருந்தாள், யானையெல்லாம் இருந்தது. பக்கத்தில் எங்கள் பேங்க் மேனேஜர். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுப் படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். யாழினி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷில் இரண்டே வரி சொன்னாள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒரேமாதிரி மூச்சை உள்ளே இழுத்தார்கள். கலா என் தோளை இறுகப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்குக் காதுக்குள் சொன்னாள்: "எங்க ஊர்ல இவரக் கூண்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. எங்க அப்பா அதக் கழட்டிவிட்டுட்டாங்க."

பொய் ஒரு சொல் இல்லை. டீச்சருக்கு அது போதும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள், கண் கலங்கியது. நேரே வந்து சரவணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இவரைப் போன்றவர் நம் நடுவில் இருப்பது நமக்குப் பெருமை, ஒருநாள் வகுப்புக்கு வந்து அந்தப் போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். கூட்டம் கைதட்டியது. என் மகனுக்கு வாழ்க்கையில் விழுந்த முதல் கைதட்டு. அவன் தூக்குத் தண்டனை கேட்டவன் மாதிரி நின்றான். வித்யாவின் வீட்டுக்காரரும் கைதட்டிக்கொண்டேதான் கிட்டே வந்தார். வந்து, தமிழில், மெதுவாக, "அது எந்த ஊர் சிலை சரவணன்?" என்றார்.

"எங்க ஊர் இல்ல சார். கார்ல போறப்ப வழியில பாத்தது. சின்னப் புள்ள, எதையோ எதோடயோ சேத்துச் சொல்லுது."

யாழினி அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் வித்யா என் பக்கம் திரும்பிவிட்டாள். "அப்படியா ஆன்ட்டி? வழியில பாத்ததா?" அதே சிரிப்பு. இந்த முறை அவளுக்குப் பதில் தெரியும், என் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம். மகனைக் காப்பாற்ற நினைத்தால் இன்னொரு கேலியைப் போட்டு மூடியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க தெரு முக்குலதான் நிக்கிறாரு. மேடை கட்டுனது எங்க வீட்டுக்காரரு" என்றேன். "ஒங்க ஊர்லயும் நிப்பாரே, பாத்ததில்லையா? பஸ்ஸுல போறப்ப அங்கிட்டுத் தலை திரும்பியிருக்காது."

வித்யா, சோ ஸ்வீட் ஆன்ட்டி என்று என் கையைத் தட்டினாள். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த டீச்சர், ஏதோ சொந்த ஊர்ச் சந்தோஷம் என்று எண்ணி எனக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தாள். பூ மாதிரி செய்து மேலே சீனி தூவியிருந்தது. அதை வாயில் போட்டு மெல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நடந்தது. அனன்யாவுக்குப் பியானோ வகுப்பு நேரம் மாறிவிட்டதால் சனிக்கிழமை காரில் சேர்ந்து போக முடியாது என்று போனில் செய்தி வந்தது, கூடவே அழுகிற பொம்மை முகம் ஒன்று. முன்னெல்லாம் எங்கள் வீட்டுப் பாத்திரம் அவர்கள் வீட்டுக்குப் போனால் ஏதாவது நிரம்பித்தான் திரும்பும். இப்போது கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தது. பங்குனியில் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் இல்லை. காகிதத் தட்டில் சாப்பாடு. எங்கள் ஊரில் டீக்கடையில் எங்களுக்கென்று தனிக் கிளாஸ் மாட்டியிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது, அதை எதிரே நின்று பார்த்துத் திட்டவாவது முடிந்தது. அங்கே எல்லோருக்கும் காகிதத் தட்டு. யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரொம்ப வசதியான நாடு. ஆபீசில் அந்த மனுஷன் நன்றாகத்தான் பேசுகிறாராம். சரவணன் தினமும் வந்து, இன்றைக்கு அவர் குட்மார்னிங் சொன்னது நீளமா குட்டையா என்று கலாவிடம் யோசித்துக்கொண்டிருந்தான். என்னிடம் சோறு போதுமா, மாத்திரை போட்டியா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

இதற்கிடையில் டீச்சர் சும்மா இருக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று யாழினி சொல்லியிருக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு காகிதப் பூ மடித்து, இதழில் தங்கள் பேரை எழுதி, ஒரே மாலையாகக் கோத்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கூண்டிலிருந்து வெளியே வந்த தலைவருக்காம். கூண்டு அப்படியேதான் இருக்கிறது என்று யார் போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது. மறுநாளே வித்யா கலாவைக் கூப்பிட்டாள். தப்பாக நினைக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் பேர் வெளியே படத்தில் எல்லாம் வரும் காலம், அனன்யா பூவை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றாள். கலா போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரவணன் கத்தரிக்கோலை எடுத்தான். மாலையை மடியில் போட்டு அனன்யாவின் மஞ்சள் பூவைத் தேடி, நூல் அறாமல் வெட்டி எடுத்து, உறையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவனே முக்கு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று தெரியாது. வந்து யாழினியிடம் பூ மடிக்கக் கற்றுக்கொண்டு, நீலத் தாளில் அவனே ஒன்று மடித்து, வெட்டிய இடத்தில் செருகினான். "பேர் எழுதலயா அப்பா?" என்றாள் அவள். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தவன், "அப்புறம் எழுதுறேன் கண்ணு" என்றான். நான் விமானம் ஏறும் வரைக்கும் அந்த அப்புறம் வரவில்லை.

ஊரில் சித்திரை முதல் நாள் எங்கள் தலைவரின் பிறந்த நாளும்கூட. அன்றைக்குப் பெரிய தெருவில் வருஷத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டுவார்கள். எங்களுக்குப் பூட்டுத் திறப்பார்கள். காலையில் திறப்பதாகச் சொன்ன வி.ஏ.ஓ.வை ஏர் பூட்டிய இடத்தில் பானகம் கொடுத்து, சாப்பாடு போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவே வெயிலில் பூவும் பத்தியுமாகக் காத்துக் கிடந்தது. சாவி வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சின்ன வயசுப் பையன்தான் வி.ஏ.ஓ., கூட ஒரு போலீஸ்காரர். என் கையில் இருந்த காகித மாலையைப் பார்த்ததும் வி.ஏ.ஓ.வுக்குச் சந்தேகம். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது, கோஷம் கீஷம் இருந்தால் விட முடியாது என்று ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் படித்தார். பிள்ளைகள் பேரு சார் என்றேன். வெள்ளைக்காரப் பேர், சீனாக்காரப் பேர், நாக்கு சுளுக்குகிற பேரெல்லாம் படித்துக்கொண்டே வந்தவர், நீலப் பூவில் நின்றார்.

"இதுல ஒண்ணுமே எழுதலையேம்மா. இது யாரு?"

"அது எம் மகன் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்குத் தெம்பும் இல்லை. ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார். தெருப் பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறி, கம்பிக் கதவுக்குள் குனிந்து நுழைந்தேன். உள்ளே அவரும் நானும் நிற்கவே இடம் சரியாக இருந்தது. வெயில் பட்டுக் கம்பி சுட்டது. மாலையைப் போட்டுவிட்டு, யாழினியிடம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேனே என்று போனில் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்து, அவள் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி நின்றாள். பின்னால் சமையலறை. சட்டைப் பொத்தான் போடுகிற ஒரு கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவள் மாலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னையும் எனக்கு முன்னும் பின்னும் ஓடும் கம்பிகளையும் பார்த்தாள். அப்பா கழற்றிவிட்டாரே என்று அவள் கேட்கவில்லை. அதைவிடச் சின்னதாக ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பத்தா, நீ ஏன் உள்ள இருக்க?"

எனக்கும் கிராக்கி வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கை எட்டி வந்து போனை லேசாகத் திருப்பியது. இப்போது அங்கேயிருந்து கூரை மட்டும் தெரிந்தது. "ஸ்கூல் பஸ் வந்துரும், வச்சுரு கண்ணு" என்றது சரவணன் குரல். கீழே இருந்து வி.ஏ.ஓ. பூட்டைக் கம்பியில் தட்டினார். "சீக்கிரம் எறங்குங்கம்மா, பூட்டணும்." பேத்திக்கும் அவருக்கும் சேர்த்து, "வாரேன், இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் கம்பியுமாக, ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.